ஒலி தெரிகிறது, சொல் வரவில்லை: ஃபொனிக்ஸ் வகுப்பை நிறுத்தலாமா?

திருகோணமலையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது. பெயர்களையும் அடையாளங்களையும் தவிர்த்துச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகனுக்கு ஆறரை வயது. அரச பாடசாலையில், தமிழ்மொழி மூலம், தரம் 2 படிக்கிறான். முன்பள்ளிக் காலத்திலிருந்தே மாலையில் ஒரு ஃபொனிக்ஸ் வகுப்புக்கும் போகிறான். ஆங்கில எழுத்துகளின் ஒலிகளைப் பாட்டோடும் கைச்சைகையோடும் பிழையில்லாமல் சொல்கிறான். ஆனால் மூன்றெழுத்துச் சொல் ஒன்றைக் காட்டினால், ஒவ்வோர் ஒலியாகச் சொல்லிவிட்டு, பக்கத்திலுள்ள படத்தைப் பார்த்து வாயில் வந்த ஏதோ ஒரு சொல்லைச் சொல்கிறான். தமிழில் பிரச்சினையே இல்லை என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள். பாடநூலைக் கடகடவென்று வாசிப்பான். ஒருநாள் புத்தகத்தை மூடிய பிறகும் அதே பக்கத்தை வரிக்கு வரி சொன்னபோது தாய்க்குச் சந்தேகம் வந்தது. அந்தப் பக்கத்தில் இருந்த "பட்டம்" என்ற சொல்லைத் துண்டுக் கடதாசியில் எழுதிக் காட்டினார். பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை.

பிறகு ஆளுக்கொரு ஆலோசனை. வகுப்பு ரீச்சர், "ஃபொனிக்ஸ்தான் குழப்புது, நிற்பாட்டுங்கோ" என்கிறார். ஃபொனிக்ஸ் வகுப்பு நடத்துபவர், ஆங்கிலம் பிடிபடும்வரை தமிழ் எழுத்தைக் கொஞ்சக்காலம் ஒதுக்கிவைக்கச் சொல்கிறார். மாமி, 247 எழுத்தையும் தினமும் எழுதவைத்தால் தானாக வரும் என்கிறார். கணவருக்கோ 26 எழுத்தோடு முடிகிற ஆங்கிலமே இலகு என்று எண்ணம். பிள்ளையை ஆங்கிலமூலத் தனியார் பாடசாலைக்கு மாற்ற வேண்டும் என்று நிற்கிறார். இதற்கிடையில், வாசிக்காத குற்றத்துக்காகப் பிள்ளையை ஒருநாள் வகுப்பில் முழங்காலில் நிற்கவைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் "பி"யையும் (b) "டி"யையும் (d) மாற்றி மாற்றி எழுதுவதால், இது டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடோ என்ற பயமும் தாய்க்கு இருக்கிறது. ஃபொனிக்ஸை விடுவதா, பாடசாலையை மாற்றுவதா, டொக்டரிடம் போவதா என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, அந்தத் துண்டுக் கடதாசியில் நீங்கள் செய்த சோதனைதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது. ஆரம்பக் கல்வி ஆசிரிய ஆலோசகராக இருந்த காலத்தில் என்னைச் சந்தித்த பெற்றோர் அநேகம் பேர் "வாசிக்கிறானில்லை" என்று மட்டுமே சொல்வார்கள். எந்த இடத்தில் பிள்ளை நிற்கிறான் என்று நீங்கள் பார்த்துச் சொல்லியிருக்கிறீர்கள்.

உங்கள் மகனுக்கு இரண்டு மொழியிலும் இருப்பது ஒரே சிக்கல். எழுத்துகளைத் தனித்தனியே தெரியும், கூட்டத் தெரியாது. ஆங்கிலத்தில் அது ஊகமாக வெளியே வருகிறது, தமிழில் மனப்பாடமாக வருகிறது. புத்தகத்தை மூடிக்கொண்டு சொன்னதை ஏமாற்று என்று எடுத்துக் கண்டிக்க வேண்டாம். நல்ல ஞாபகசக்தி உள்ள பிள்ளை, வாசிக்கும் வழி தெரியாத நிலையில், வகுப்பில் மற்றவர்களோடு சேர்ந்து நிற்பதற்குத் தானே கண்டுபிடித்த உபாயம் அது. பாடங்கள் நாலு வரியாக இருக்கும்வரை அது கைகொடுக்கும். தரம் 3, 4 என்று பாடம் நீளும்போது கைவிட்டுவிடும். இப்போதே உங்கள் கண்ணில் பட்டது நல்லதாய்ப் போயிற்று.

ஃபொனிக்ஸ் என்பது பாட்டு மட்டுமா?

ஃபொனிக்ஸ் ஆங்கிலத்துக்கே உரிய புது வித்தை என்று உங்கள் வீட்டில் எல்லோரும் நினைப்பதாகத் தெரிகிறது. எழுத்துக்கு என்ன ஒலி என்று அறிந்து, அந்த ஒலிகளை வரிசையாகக் கூட்டிச் சொல்லாக்குவது, அவ்வளவுதான் ஃபொனிக்ஸ். "எழுத்துக்கூட்டி வாசி" என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். பாட்டும் சைகையும் ஒலியை நினைவில் வைக்க உதவும். கூட்டுகிற வேலை நடக்காவிட்டால், எத்தனை ஒலி தெரிந்திருந்தாலும் ஒரு சொல்கூட வராது.

ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதைப் பற்றி நீண்டகாலம் வாதம் நடந்தது. சொல்லை முழுதாகப் பார்த்து மனதில் வைக்கட்டும், தெரியாததைப் படத்தைப் பார்த்து ஊகிக்கட்டும் என்றார்கள் ஒரு சாரார். எழுத்தொலியைப் படிமுறையாகக் கற்பிக்க வேண்டும் என்றார்கள் மற்றவர்கள். அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000ஆம் ஆண்டில் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, படிமுறையான ஃபொனிக்ஸ் பிள்ளைகளுக்குப் பயன் தருகிறது என்ற முடிவுக்கு வந்தது. கூடவே பேச்சொலிகளைக் காதால் பிரித்தறிவது, சரளம், சொல்வளம், விளங்கிக்கொள்வது ஆகியவற்றையும் கற்பிக்க வேண்டும் என்றது. அந்தப் பகுதியை விளம்பரங்கள் சொல்வதில்லை.

இங்கிலாந்தில் 2012 முதல், முதலாம் ஆண்டு முடிவில், பிள்ளைகளுக்கு 40 சொற்கள் கொண்ட சிறிய வாசிப்புச் சோதனை ஒன்று நடக்கிறது. அவற்றில் 20 சொற்கள் அர்த்தமே இல்லாத, இட்டுக்கட்டிய சொற்கள். தெரிந்த சொல்லைப் பிள்ளை ஞாபகத்திலிருந்து சொல்லிவிடலாம். உலகத்தில் இல்லாத சொல்லை எழுத்துக்கூட்டித்தான் சொல்ல முடியும். இதை நீங்களும் வீட்டில் செய்யலாம். "மபட்", "டமப்", "கமட்" என்று எழுதி, "இது விண்வெளி ஆளின் பெயர், வாசி பார்ப்போம்" என்று கொடுங்கள். தடுமாறியாவது வாசித்தால் கூட்டும் வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். "பட்டம்", "மரம்" என்று தெரிந்த சொல்லைச் சொன்னால் இன்னும் ஊகத்தில்தான் நிற்கிறான்.

தமிழை ஒதுக்க வேண்டாம்

உங்களுக்குக் கிடைத்த ஆலோசனைகளில் நான் உறுதியாக மறுப்பது இதைத்தான். ப, ட, ம் என்று பிள்ளை கூட்டும்போது, அரைகுறையாகக் கூட்டினாலும், "ஆ, படம்!" என்று காது பிடித்துக்கொள்ளும். அந்தச் சொல் ஏற்கனவே அவனிடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அவன் சரியாகவே கூட்டினாலும் வந்த சொல் தெரிந்த சொல்லா என்று அவனுக்குத் தெரியாது. 1986இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கலாகச் சொன்னார்கள்: எழுத்தைச் சொல்லாக்கும் திறன், பெருக்கல், அந்த மொழியை விளங்கும் திறன். இரண்டில் ஒன்று பூச்சியம் என்றால் விடையும் பூச்சியம். உங்கள் மகனிடம் தமிழ் விளக்கம் நிறைய இருக்கிறது. அங்கே குறைவது ஒரு பக்கம் மட்டும். ஆங்கிலத்தில் இரண்டு பக்கமும் இனித்தான் கட்டப்பட வேண்டும்.

இரண்டு மொழி சேர்ந்து குழப்புகிறது என்ற பயமும் தேவையில்லை. கூட்டுவது எப்படி என்று ஒரு மொழியில் பிடிபட்டால், மற்ற மொழியிலும் அது கைகொடுக்கும். எழுத்தும் ஒலியும் மட்டும் புதிதாகக் கற்க வேண்டும். திருகோணமலையில் வளரும் பிள்ளைக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் காதில் விழுந்துகொண்டே இருப்பது நல்ல சொத்து.

கணவரின் 26, 247 கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் 26 எழுத்துகள் ஏறத்தாழ 44 ஒலிகளைச் சுமக்கின்றன. ஒரே எழுத்து ஒவ்வொரு சொல்லில் ஒவ்வொரு விதமாக ஒலிக்கும், சில எழுத்து ஒலிக்காமலே நிற்கும். தமிழின் 247இல் 216 உயிர்மெய். அவை 12 உயிரும் 18 மெய்யும் சேர்ந்து பிறந்தவை. சேரும் முறை பிடிபட்டால், பிள்ளை முன்பின் பார்த்திராத சொல்லையும் வாசித்துவிடுவான். க, ச, ட, த, ப போன்றவை சொல்லில் நிற்கும் இடத்தைப் பொறுத்துக் கொஞ்சம் மாறி ஒலிப்பது உண்மை. "பல்"லில் உள்ள ப வேறு, "தம்பி"யில் கேட்கும் ஒலி வேறு. பேசத் தெரிந்த பிள்ளை அதைத் தானாகவே சரிசெய்துகொள்வான். தமிழில் தொடங்குவதே நல்லது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

"ஆங்கிலத்தில் பின்தங்கிவிடுவானோ" என்று கேட்டிருக்கிறீர்கள். நமது அரச பாடசாலைகளில் தரம் 1, 2இல் ஆங்கிலம் செயற்பாடுகளோடு பேச்சாகத்தான் வருகிறது. முறையான ஆங்கிலப் பாடம் தரம் 3இல் தொடங்குகிறது. உங்கள் மகன் எதையும் தவறவிடவில்லை.

மாமியின் முறையும் வகுப்பின் முறையும்

மாமியின் ஆர்வத்தை மதிக்கிறேன். எழுத்துப் பயிற்சியும் வேண்டியதுதான். ஆனால் 247 எழுத்தை வரிசையாக எழுதும் பிள்ளை முன்வரியைப் பார்த்துக் கீழ்வரியை எழுதுகிறான். கை வேலை செய்யும், காது சும்மா இருக்கும். இன்னொன்று, பழைய முறையில் எழுத்தின் பெயரைச் சொல்லித்தான் கூட்டுவார்கள்: "பானா, டானா, இம்மன்னா, படம்." முன்னைய தலைமுறையில் பலர் அப்படித்தான் படித்துத் தேறினார்கள். கூட்டத் தெரியாமல் நிற்கும் பிள்ளைக்கு அது கூடுதல் சுமை. "பானா"வையும் "டானா"வையும் எப்படிச் சேர்த்தாலும் "பட" வராது. ஒலியை மட்டும் சொல்லுங்கள்: ப, ட, ம்.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். "பி, ஐ, என்" (p, i, n) என்று பெயர் சொன்னால் ஒரு சொல்லும் வராது. ப், இ, ன் என்று ஒலி சொன்னால் "பின்" வந்துவிடும். இங்கே ஃபொனிக்ஸ் வகுப்புகளில் அடிக்கடி கேட்கும் ஒரு பிழை இருக்கிறது. ப் என்று சொல்ல வேண்டிய இடத்தில் "ப" என்றும், ன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் "ன" என்றும் அகரத்தைச் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பார்கள். பிள்ளை "ப, இ, ன" என்று கூட்டி எங்கே போய்ச் சேருவான்? உங்கள் மகன் ஒலிகளைச் சொல்லும்போது கவனித்துக் கேளுங்கள். அகரம் ஒட்டியிருந்தால், அவன் ஆங்கிலத்தில் தடுமாறுவதற்குப் பாதிக் காரணம் அங்கேயே இருக்கலாம். நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. மெய்யெழுத்து என்ற ஒன்றைப் பிள்ளைக்கு ஏற்கனவே தெரியும். "தலையில் குற்று வைத்த ப் மாதிரிச் சொல்லு" என்றால் விளங்கிக்கொள்வான்.

வீட்டில் பத்து நிமிடம்

இதைத் தினமும் செய்யுங்கள். ஒருநாள் ஒரு மணி நேரம், பிறகு நாலு நாள் ஒன்றுமில்லை என்று செய்தால் பலன் இராது.

முதலில் காதுக்கு வேலை. கடதாசி, பேனை எதுவும் வேண்டாம். பஸ்ஸுக்கு நிற்கும்போதோ, குளிக்கவார்க்கும்போதோ செய்யலாம். நீங்கள் "ப்… ஆ… ல்" என்று இடைவெளி விட்டுச் சொல்லுங்கள், அவன் "பால்" என்று சொல்லட்டும். "மீ… ன்", "க… ட… ல்" என்று இலகுவானவற்றில் தொடங்கி இடைவெளியைக் கூட்டிக்கொண்டு போங்கள். பிறகு மறுபக்கம்: "மணல், மழை, மீன், மூன்றும் எந்த ஒலியில் தொடங்குது?" அதுவும் வந்தபின், "கடல் என்பதில் க-வை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?" பிள்ளைகள் "டல்" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இந்த விளையாட்டில் தடங்குகிற பிள்ளை, புத்தகத்திலும் தடங்குவான். அதனால் இதை அவசரப்பட்டுத் தாண்ட வேண்டாம்.

அடுத்தது எழுத்து. பழைய கலண்டர் அட்டையைச் சிறு சதுரங்களாக வெட்டி, ப, ட, ம, ர, க, ம், ட் என்று பெரிதாக எழுதுங்கள். ப, ட, ம் மூன்றையும் மேசையில் விரலிடை தள்ளி வையுங்கள். பிள்ளை ஒவ்வொன்றையும் தொட்டு ஒலிக்கட்டும். பிறகு அட்டைகளை ஒன்றோடொன்று தள்ளிச் சேர்த்துக்கொண்டே ஒலியையும் இழுத்துச் சேர்க்கட்டும்: படம். இப்போது ப-வை எடுத்து ம-வை வையுங்கள்: மடம். ட-வை எடுத்து ர-வை வையுங்கள்: மரம். ம-வுக்குப் பதில் க: கரம். பிறகு பட்டம், மட்டம், கட்டம். ஒவ்வொரு முறையும் ஓர் எழுத்து மட்டும் மாறுவதால் அவன் ஊகிக்க வழியில்லை, பார்த்தே ஆக வேண்டும். படம் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. துண்டுக் கடதாசியில் தோற்ற அதே "பட்டம்" இந்த வழியில் வருவதை நீங்களே காண்பீர்கள்.

இந்த ஏழு அட்டையோடு சில நாட்கள் இருங்கள். பிறகு அரவு. அது எழுத்தை நீட்டும் துணைக்கால் (ா). "படம், பாடம்", "கரம், காரம்" என்று பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். "காரம்" என்ற சொல்லை ஒருதடவை பிள்ளையின் கண்ணால் பாருங்கள். அரவும் ர-வும் அச்சில் ஏறக்குறைய ஒரே உருவம். பல பிள்ளைகள் "மாமா"வை "மரமர" என்று வாசிப்பது இதனால்தான். கவனக்குறைவு என்று திட்டாமல், முன்னெழுத்தைப் பிடித்துக்கொண்டு நீட்டுவது அரவு, தனியாக ஒலிப்பது ர என்று பலமுறை காட்டிக்கொடுங்கள்.

கொம்பு (ெ, ே, ை) வரும்போது மெதுவாகப் போங்கள். தமிழ் வாசிப்பில் பிள்ளைகள் அதிகம் சறுக்கும் இடம் அது. "கொடி"யில் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, பிறகு க, பிறகு அரவு. காதுக்கு முதலில் கேட்பது க். கண்ணும் காதும் வெவ்வேறு வரிசையில் ஓடுகின்றன. "கெடி" என்று வாசித்தால், அவன் அரவைக் கவனிக்கவில்லை என்று உங்களுக்கு உடனே தெரியும். கொம்பு, க, அரவு மூன்றையும் ஒரே அட்டையில் எழுதி, ஒரே வட்டத்துக்குள் போட்டு, ஒரே ஒலியாகப் பழக்குங்கள்.

உகர, ஊகாரக் குறிகளும் அப்படித்தான். கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளையும். இவற்றை ஒரே நாளில் வரிசையாகக் கொடுக்காமல், சொல்லோடு சேர்த்து ஒவ்வொன்றாகக் கொடுங்கள்.

நம் ஊர்ப் பெயர்களையே பயிற்சியாக்கலாம். பஸ் நிலையத்துப் பலகைகளில் இருப்பதைக் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "தம்பலகாமம்" நீளமான சொல், பார்த்தால் பயமாக இருக்கும். உண்மையில் அதில் ஓர் அரவையும் மெய்யின் குற்றையும் தவிர வேறு குறியே இல்லை, தொடக்கப் பிள்ளையாலேயே முடியும். "மூதூர்" சின்னச் சொல், ஆனால் ஒரே ஊகாரம் மூ-வில் ஒரு விதமாகவும் தூ-வில் வேறு விதமாகவும் நிற்கிறது. "நிலாவெளி" இடையில் வரும். "திருகோணமலை"யில் கோ-வும் லை-யும் முன்னால் கொம்போடு நிற்பதால் அதைக் கடைசிக்கு வையுங்கள். நீளமான சொல் கஷ்டம், குறுகிய சொல் இலகு என்று நாம் நினைப்பது பிள்ளை விஷயத்தில் எப்போதும் சரிவராது.

அவன் தடங்கினால் முழுச் சொல்லையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். தடங்கிய ஓர் எழுத்தின் ஒலியை மட்டும் சொல்லுங்கள், கூட்டுவதை அவனே செய்யட்டும். பத்து நிமிடம் முடிந்ததும், அவன் நன்றாகச் செய்துகொண்டிருந்தாலும், நிறுத்துங்கள். அப்புறம் நீங்களோ அப்பாவோ அவனுக்கு ஒரு கதை வாசித்துக் காட்டுங்கள். அதில் கேள்வி, சோதனை எதுவும் வேண்டாம். சொல்வளமும் ஆசையும் அங்கேதான் வளரும்.

ஃபொனிக்ஸ் வகுப்பைத் தொடர்வதா?

வகுப்பு ரீச்சர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. இப்போது நடக்கிற விதத்தில் அந்த வகுப்பு அவனுக்கு உதவவில்லை. ஆனால் ஃபொனிக்ஸ் என்பதாலேயே அது குழப்புகிறது என்பது சரியல்ல. நடத்துபவரை நேரில் சந்தித்துச் சில விஷயங்கள் கேளுங்கள். முதல் ஐந்தாறு ஒலி வந்தவுடனே சொற்களைக் கூட்டத் தொடங்குகிறார்களா, அல்லது எல்லா ஒலியும் முடியட்டும் என்று காத்திருக்கிறார்களா? அகரம் ஒட்டாமல் ஒலிக்கிறார்களா? பிள்ளை வாசிக்கும் சிறு புத்தகங்களில் கற்பித்த எழுத்துகள் மட்டும் வருகின்றனவா? படத்தைப் பார்த்து ஊகித்தால் பாராட்டுகிறார்களா, எழுத்துக்குத் திருப்புகிறார்களா? "எல்லா ஒலியும் முடிந்தபிறகுதான் வாசிப்பு" என்ற பதில் வந்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒரு தவணைக்கு நிறுத்திவிட்டு, அந்த மாலைகளை விளையாட விட்டுவிடுவேன். பதில்கள் திருப்தியாக இருந்தால் தொடருங்கள், தமிழை ஒதுக்கச் சொன்னதை மட்டும் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

தமிழ் பேசும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் தனியாகக் காதுப் பயிற்சி வேண்டிய இடங்களும் உண்டு. சட்டையில் குத்தும் பின்னும் குப்பை போடும் பின்னும் தமிழில் ஒரே மாதிரித்தான் எழுதப்படும், ஆங்கிலத்தில் முதலொலி வேறு. பூனையைக் குறிக்கும் cat என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவில் வரும் உயிரொலிக்குத் தமிழில் எழுத்து இல்லை, சிங்களத்தில் அதற்கென்றே ஓர் எழுத்து இருக்கிறது. சிங்களம் கேட்டு வளர்கிற பிள்ளை அதை விரைவில் பிடிப்பான். இதையெல்லாம் வகுப்பு நடத்துபவர் அறிந்திருந்தால் நல்ல அறிகுறி.

டிஸ்லெக்சியாவா?

ஆறரை வயதில் "பி"யும் "டி"யும் மாறுவது சாதாரணம். எழுத்தைக் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திருப்பி எழுதுவது ஏழு வயதுவரை பல பிள்ளைகளிடம் உண்டு. அதை மட்டும் வைத்து டிஸ்லெக்சியா என்று சொல்ல முடியாது. நான் கவனிக்கச் சொல்வது வேறு: பேச்சு பிந்தி வந்ததா? குடும்பத்தில் வேறு யாருக்காவது வாசிப்பதில் நீண்டகாலச் சிரமம் இருந்ததா? மேலே சொன்ன காது விளையாட்டுகள் பலநாள் பழகியும் வரவில்லையா? உங்கள் மகனுக்கு எழுத்தைக் கூட்ட யாரும் இதுவரை சரியாகச் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. கற்பித்துப் பார்க்காமல் குறைபாடு என்று முடிவெடுப்பது நியாயமில்லை.

அதற்கு முன்னால் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். தரம் 1இல் நடக்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் ஏதாவது குறித்திருந்தார்களா என்று பாருங்கள். அடிக்கடி சளிபிடித்துக் காது அடைக்கிற பிள்ளை என்றால் காதுப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். ப், ம், ன் போன்ற ஒலிகளைத் தெளிவாகக் கேட்காத பிள்ளை கூட்டுவது எப்படி?

ஒரு தவணை முழுதும் தினமும் செய்தும் மூன்றெழுத்துச் சொல் கூடவில்லை என்றால், வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைச் சந்திக்கலாமா என்று அதிபரிடம் கேளுங்கள். அரச வைத்தியசாலையில் சிறுவர் வைத்திய நிபுணரையும் காட்டுங்கள். அப்படி ஒரு பெயர் வந்தாலும் கலங்க வேண்டாம். டிஸ்லெக்சியாவுக்கும் பிள்ளையின் அறிவுக்கும் சம்பந்தமில்லை. அந்தப் பிள்ளைகளுக்கும் இதே எழுத்துக்கூட்டல்தான், இன்னும் மெதுவாக, இன்னும் அதிகத் தடவைகள்.

பாடசாலை விஷயம்

பாடசாலை மாற்றம் இப்போது வேண்டாம். வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளையை ஆங்கிலமூலத்துக்கு மாற்றினால், கூட்டத் தெரியாத சிக்கலோடு மொழி தெரியாத சிக்கலும் சேரும். சர்வதேசப் பாடசாலை என்ற பெயரில் நடப்பவை கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவானவை, அரச பாடசாலைகளைப் போலக் கல்வி அமைச்சின் நேரடிப் பொறுப்பில் இல்லை என்பதையும் கணவரிடம் சொல்லுங்கள். தரம் வேறுபடும், யாரிடம் முறையிடுவது என்பதும் வேறுபடும். ஆங்கிலமூலம் வேண்டுமென்றால், வசதியுள்ள அரச பாடசாலைகளில் தரம் 6 முதல் சில பாடங்களை ஆங்கிலத்தில் படிக்க வழி இருக்கிறது. அதற்குள் அவன் நல்ல வாசகனாகிவிடலாம்.

முழங்காலில் நிற்கவைத்ததை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2005/17ஆம் இலக்கச் சுற்றறிக்கை 2005இலேயே சொல்லிவிட்டது. முதலில் ரீச்சரோடு அமைதியாகக் கதையுங்கள். பெரிய வகுப்பைத் தனியாகச் சமாளிக்கிற களைப்பு அவருக்கும் இருக்கும். மீண்டும் நடந்தால் அதிபரிடம் எழுத்தில் கொடுங்கள். அங்கும் பயனில்லை என்றால் வலயக் கல்விப் பணிப்பாளர் இருக்கிறார், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கமும் இருக்கிறது. பயந்து வாசிக்கும் பிள்ளை இன்னும் அதிகமாக மனப்பாடத்துக்குள் ஒளிவான் என்பதை ரீச்சரிடம் சொல்லுங்கள். அந்தத் துண்டுக் கடதாசியையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். சரளமாக வாசிக்கிறான் என்று அவரும் நினைத்திருக்கலாம். வகுப்பில் அவனுக்கு ஒரு நாளைக்கு மூன்று சொல், படம் இல்லாமல், மற்றப் பிள்ளைகளின் முன்னால் வைத்துக் கேட்காமல், தனியாக வாசிக்கக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலான ரீச்சர்மார் அதற்கு மறுக்கமாட்டார்கள்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில், அவன் தடங்கும் எழுத்துகளைத் தேதியோடு குறித்து வாருங்கள். தவணை முடிவில் அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பினால், அடுத்து எந்த எழுத்துகளை எடுக்கலாம் என்று பார்த்து எழுதுகிறேன்.